வீட்டு இருட்டறைக்குக் காற்றோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு சிறிய அறையையோ குளியலறையையோ இருட்டாக்கி, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரை வைத்து, கருப்பு வெள்ளை பிரிண்ட் போடுகிறவர்களுக்காக எழுதியது இது. என்லார்ஜர் வாங்கும்போது லென்ஸைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறோம். அந்த அறையில் மணிக்கணக்காக எதைச் சுவாசிக்கப் போகிறோம் என்று கேட்பதில்லை. தொண்டை கரகரத்த பிறகுதான் நானும் கேட்டேன். அதற்கப்புறம் கற்றுக்கொண்டவை, மற்றவர்கள் என்னிடம் கேட்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன.

அந்தக் காலத்தில் எல்லாரும் மூடிய அறையில்தானே பிரிண்ட் போட்டார்கள்? இப்போது மட்டும் ஏன் இவ்வளவு கவலை?

போட்டார்கள், அதற்கான விலையையும் கொடுத்தார்கள். 1839-இல் வந்த டாகுரோடைப் முறையில் பாதரசத்தைச் சூடாக்கி அதன் ஆவியில்தான் படத்தை எழுப்பினார்கள். 1851-இல் வந்த ஈரத் தகடு முறையில் ஈதர் ஆவி ஒரு பக்கம், பொட்டாசியம் சயனைடு ஒரு பக்கம். அவற்றோடு பார்த்தால் இன்று நாம் புழங்கும், படத்தை எழுப்பும் டெவலப்பரும் அதை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸரும் சாது. ஆனாலும் ஒரு தொழிற்கூடத்தில் இருக்கும் கூரை உயரமோ, பெரிய குழாய்களோ வீட்டு இருட்டறையில் இல்லை. வெளிச்சம் புகக்கூடாதென்று கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றையும் நாமே தேடித் தேடி அடைக்கிறோம். வெளிச்சத்துக்கு அடைத்த இடுக்கு காற்றுக்கும் அடைபட்டுப் போகிறது.

ரசாயனத்தை விடுங்கள், நம் மூச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். நின்றபடி லேசான வேலை செய்கிற ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். எட்டடிக்கு ஆறடி, ஒன்பதடி உயரம் உள்ள அறை என்றால் அதன் கொள்ளளவு சுமார் 12,200 லிட்டர். காற்றே போய்வராமல் அடைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் கரியமில வாயு இருந்ததைவிட 1,600 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1,600 பங்கு) கூடும். வெளிக்காற்றில் இருப்பது 420 சொச்சம். இரண்டு மணி நேரத்தில் 3,500-ஐத் தாண்டிவிடும். "டார்க் ரூமுக்குள் போனாலே தலை கனக்கிறது" என்பவர்களில் பாதிப் பேர் ஃபிக்ஸரைக் குறை சொல்கிறார்கள். பல நேரம் அவர்களுடைய மூச்சே அவர்களைச் சோர வைக்கிறது.

எந்த ட்ரேயிலிருந்து என்ன கிளம்புகிறது?

தாள் டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர் என்று மூன்று ட்ரேக்களில் வரிசையாக மூழ்கி வருகிறது. டெவலப்பரிலிருந்து ஆவியாகக் கிளம்புவது மிகக் குறைவு. அதிலுள்ள மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும் கரைசலில் இருக்கும்வரை காற்றில் ஏறுவதில்லை. அவற்றின் தொல்லை தோலுக்கும், தூளாக இருக்கும்போது மூக்குக்கும்.

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் பெரும்பாலும் அசிட்டிக் அமிலம். பயன்படுத்தும் அளவில் அது 1 முதல் 2 சதவீதம்தான் என்றாலும் திறந்த ட்ரேயிலிருந்து நிற்காமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வேலை செய்யுமிடங்களில் 8 மணி நேரச் சராசரியாக 10 பி.பி.எம்.-ஐத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான வரம்பு. மூடிய சின்ன அறையில், வெதுவெதுப்பான நாளில், கண் எரிகிற அளவுக்குப் போவது கஷ்டமில்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியது ஃபிக்ஸர். அதன் உயிர்நாடி தயோசல்ஃபேட். நாம் ஹைப்போ என்று சொல்வது சோடியம் தயோசல்ஃபேட், வேகமான ஃபிக்ஸர்களில் இருப்பது அம்மோனியம் தயோசல்ஃபேட். வழக்கமான ஃபிக்ஸரில் அமிலமும் சல்ஃபைட்டும் சேர்ந்திருக்கும். அமிலமும் சல்ஃபைட்டும் ஒரே பாத்திரத்தில் இருந்தால் சல்ஃபர் டை ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். தீக்குச்சியை உரசியதும் மூக்கில் ஏறுமே, அந்த நெடிதான். ஸ்டாப் பாத்திலிருந்து தாளை வடியவிடாமல் ஃபிக்ஸருக்கு மாற்றினால் கூடுதல் அமிலம் அதோடு போய்ச் சேரும், நெடியும் கூடும். அமிலம் ரொம்பவே அதிகமானால் தயோசல்ஃபேட்டே உடைந்து கந்தகம் பிரியும். ஃபிக்ஸர் பால்போல் கலங்கும். கலங்கிய ஃபிக்ஸரை அப்போதே மாற்றிவிடுங்கள்.

சல்ஃபர் டை ஆக்சைடு மூச்சுக்குழாயைச் சுருக்கும் வாயு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு 1 பி.பி.எம்.-க்கும் குறைந்த அளவே போதும். அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்களின் அமைப்பு ஒன்று, குறுகிய நேரத்துக்கான வரம்பாக 0.25 பி.பி.எம். என்றே வைத்திருக்கிறது. அசிட்டிக் அமிலத்தின் வரம்போடு ஒப்பிட்டால் எந்த ட்ரேயின் அருகில் முதலில் உறிஞ்சு வாயை, அதாவது காற்றை இழுக்கும் குழாயின் வாயை, வைக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

நெடி தெரியாவிட்டால் காற்று சுத்தம் என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. பத்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். வெளியே போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்ப உள்ளே வாருங்கள். கதவைத் திறந்த அந்த முதல் மூச்சு சொல்வதுதான் உண்மை. வீட்டில் வேறு யாராவது இருந்தால் அவர்களை வாசலில் நிற்க வைத்துக் கேட்பது இன்னும் நல்லது.

எவ்வளவு காற்று வேண்டும்? எந்த அளவு ஃபேன் வாங்குவது?

அறையின் மொத்தக் காற்றும் மணிக்குக் குறைந்தது 10 முறை மாற வேண்டும் என்பது இருட்டறைகளுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. சின்ன அறையில், திறந்த ட்ரேக்களோடு வேலை செய்கிறவர்களுக்கு நான் 15 என்று சொல்வேன்.

மேலே சொன்ன அறையையே எடுத்துக்கொள்வோம். 8 × 6 × 9 என்றால் 432 கன அடி. மணிக்கு 10 முறை என்றால் 4,320 கன அடி; அறுபதால் வகுத்தால் நிமிடத்துக்கு 72 கன அடி, அதாவது 72 சி.எஃப்.எம். மணிக்கு 15 முறை என்றால் 108 சி.எஃப்.எம். பெட்டியில் கன மீட்டர் கணக்கு போட்டிருந்தால் 1 சி.எஃப்.எம். என்பது மணிக்கு 1.7 கன மீட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். 108 என்பது ஏறத்தாழ 184 கன மீட்டர்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு கடைக்குப் போய் 108 என்று எழுதிய ஃபேனையே வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். பெட்டியில் இருக்கும் எண் குழாயோ வலையோ எதுவும் மாட்டாமல் அளந்தது. நாம் அதன் முன்னால் வெளிச்சத் தடுப்பு வைக்கிறோம், பின்னால் குழாய் மாட்டுகிறோம், குழாயை இரண்டு இடத்தில் வளைக்கிறோம், உள்வழியில் தூசி வடிகட்டி போடுகிறோம். ஒவ்வொன்றும் காற்றை மறிக்கும். இறக்கை மட்டும் சுழலும் சாதாரண சுவர் எக்ஸாஸ்ட் ஃபேன் இந்த எதிர்ப்பைத் தாங்காது. சத்தம் போடும், காற்று போகாது. குழாயின் நடுவில் பொருத்தும் இன்லைன் ஃபேன், அதாவது நீர் பம்ப் போல மையத்திலிருந்து வெளியே வீசும் வகை, எதிர்ப்பைச் சமாளிக்கும். தேவையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எண் போட்டதை வாங்கி, வேகக் கட்டுப்பாடு வைத்துக் குறைத்து ஓட்டுங்கள். சத்தமும் குறையும்.

சுருக்கம் சுருக்கமாக நீளும் வளைகுழாயைத் தேவைக்கு மேல் நீளமாக விடாதீர்கள். இழுத்து நேராக்கி, மிச்சத்தை வெட்டிவிடுங்கள்.

ஃபேனை எங்கே வைப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

என்னுடைய முதல் இருட்டறையில் ஃபேன் மேலே, கூரையை ஒட்டி, ட்ரேக்களுக்கு நேர் மேலே இருந்தது. அடுப்புக்கு மேல் புகைபோக்கி வைக்கிற பழக்கத்தில் அங்கே வைத்தேன். நல்ல ஃபேன், நன்றாக இழுத்தது. ஆனால் ஒவ்வொரு இரவும் தொண்டை வறண்டது. ஃபேன் போதவில்லை என்று நினைத்து இன்னும் பெரிதாக மாற்றினேன். தொண்டை இன்னும் வறண்டது. ஒருநாள் ட்ரேக்களின் விளிம்பில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு, வழக்கம்போலக் குனிந்து நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ட்ரேயிலிருந்து எழுந்த புகை நேராக என் முகத்தை நோக்கி வந்து, தாடையில் பிரிந்து, மூக்கின் இரு பக்கமும் உரசிக்கொண்டு மேலே ஃபேனுக்குப் போனது. ஃபேன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. நடுவில் என் தலை இருந்தது.

காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும், உங்களைத் தாண்டி ட்ரேக்களின் மேலாகப் போக வேண்டும், ட்ரேக்களுக்கு அந்தப்பக்கம் வெளியேற வேண்டும். உறிஞ்சு வாய் ட்ரேக்களின் பின்விளிம்பை ஒட்டி, மேஜை மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருப்பது உத்தமம். உறிஞ்சு வாய் மட்டும் அங்கே இருந்தால் போதும். ஃபேன் குழாயின் மறுமுனையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஏன் அவ்வளவு அருகில்? ஒரு மெழுகுவத்தியை ஒரு முழத் தூரத்திலிருந்து ஊதி அணைக்கலாம். உறிஞ்சி அணைக்க முடியுமா? முடியாது. ஊதும் காற்று ஒரே திசையில் நீண்டு போகும். உறிஞ்சும் காற்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து சேருவதால் வாயைவிட்டு விலகினால் வலு போய்விடும். உறிஞ்சு குழாயின் விட்டம் 15 சென்டிமீட்டர் என்றால், வாயிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளிக் காற்றின் வேகம் வாயில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கூரையில் இருக்கும் ஃபேனுக்கு ட்ரே எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

நான் இப்போது வைத்திருப்பது ட்ரேக்களின் பின்னால் நீளவாக்கில் ஒரு பெட்டி. ஒரு பி.வி.சி. குழாயைக்கூட அப்படிப் படுக்க வைத்து, ட்ரேக்களைப் பார்த்த பக்கத்தில் நீளமான ஒரு கீறல் வெட்டலாம். குழாயின் ஒரு முனையை அடைத்துவிட்டு மறுமுனையை ஃபேனுக்கு இணைக்க வேண்டும். கீறல் ஃபேன் பக்கம் குறுகலாகவும் தூரத்து முனையில் சற்று அகலமாகவும் இருந்தால் எல்லா ட்ரேயிலிருந்தும் ஒரே சீராக இழுக்கும். வரிசையில் ஃபிக்ஸர் ட்ரேயை ஃபேனுக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

சல்ஃபர் டை ஆக்சைடு காற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமானது, ஆகவே தரைமட்டத்தில் ஃபேன் வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். பத்து லட்சத்தில் சில பங்கு மட்டுமே கலந்திருக்கும் வாயு தனியாகப் பிரிந்து கீழே இறங்காது; காற்றோடு காற்றாகவே அலையும். காற்று போகும் வழிதான் கணக்கு.

வெளியே இழுத்தால் போதாதா? உள்ளே வர எதற்குத் தனி வழி?

மூடிய புட்டியிலிருந்து எவ்வளவு நேரம் உறிஞ்ச முடியும்? வரும் வழி இல்லாத அறையில் ஃபேன் வெறுமனே சுழலும். இல்லாவிட்டால் கதவடி, சுவிட்ச் பெட்டி, பொய்க்கூரை இடுக்கு என்று எங்கிருந்தெல்லாமோ தூசியோடு காற்றை இழுத்துக்கொண்டு வரும். உள்வழியின் பரப்பு வெளிக்குழாயின் பரப்பைப்போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். ஆறு அங்குலக் குழாய்க்கு 20 × 20 சென்டிமீட்டர் திறப்பு சரியாக இருக்கும். அதை ட்ரேக்களுக்கு எதிர்ப்பக்கத்தில், முடிந்தால் கதவின் கீழ்ப்பகுதியில் வையுங்கள். ஃபேனுக்குப் பக்கத்திலேயே வைத்தால் வந்த காற்று அறையைச் சுற்றாமல் அப்படியே வெளியே போய்விடும்.

காற்றை உள்ளே தள்ளும்படி ஃபேன் வைத்தால் தூசி வராது என்கிறார்களே?

சரிதான், தூசி வராது. வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளினால் அறையின் அழுத்தம் சற்றுக் கூடும், இடுக்குகளில் எல்லாம் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது. நெகட்டிவில் தூசி ஒட்டி, பிரிண்டில் வெள்ளைப் புள்ளி விழுந்து, அதை மைதொட்டு மறைத்துக் கண் வலித்தவர்களுக்கு இது பெரிய ஆசை.

ஆனால் அந்தக் காற்று எங்கே வெளியேறுகிறது? வீட்டு இருட்டறையின் இடுக்குகள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே திறக்கின்றன. ஃபிக்ஸர் நெடி கூடத்துக்கும் குழந்தை தூங்கும் அறைக்கும் போகும். தனிக் கட்டடமாக இருந்தால் தள்ளலாம். வீட்டோடு ஒட்டிய அறை என்றால் இழுப்பதே சரி என்பது என் தீர்மானம். தூசிக்கு, உள்வழியில் துவைக்கக்கூடிய வடிகட்டி ஒன்று போட்டு மாதம் ஒருமுறை கழுவுங்கள். இரண்டு ஃபேன் வைக்க வசதி இருந்தால் உள்ளே தள்ளுவதைவிட வெளியே இழுப்பது கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி வேகத்தை வைத்துக்கொள்ளலாம்.

வழி விட்டால் வெளிச்சம் வராதா?

வெளிச்சம் நேர்கோட்டில் போகும், காற்று வளைந்து போகும். வெளிச்சத் தடுப்பு முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில் நிற்கிறது.

மட்டக் கருப்பு பெயின்ட் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டு முறை மோதவைத்தால் 0.25 சதவீதம். மூன்று முறை என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு சொச்சம். ஆகவே ஒரு பெட்டிக்குள் எதிரெதிராக மூன்று தடுப்புப் பலகைகள் வைத்து, காற்று பாம்புபோல நெளிந்து வரும்படி செய்து, உள்பக்கம் முழுவதும் மட்டக் கருப்பு அடித்துவிட்டால் பிரிண்ட் வேலைக்குப் போதும். பலகைகளுக்கு இடையிலான இடைவெளி எங்கேயும் குழாயின் பரப்பைவிடக் குறையக்கூடாது. அழகாகச் செய்கிறேன் என்று நெருக்கி வைத்தவர்களின் பெட்டியில் வெளிச்சமும் வராது, காற்றும் வராது. பளபளப்பான கருப்பு பெயின்ட் வேண்டாம். சாய்வாக விழும் வெளிச்சத்துக்கு அது கண்ணாடிதான். பளபளக்கும் அலுமினிய வளைகுழாயும் அப்படியே: அதன் உள்ளே வெளிச்சம் துள்ளித் துள்ளி வந்துவிடும். அதன் முதல் இரண்டடிக்காவது உள்ளே கருப்பு அடியுங்கள், அல்லது கருப்பு பிளாஸ்டிக் குழாய் போடுங்கள்.

சோதிக்க நடுப்பகலைத் தேர்ந்தெடுங்கள். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் தெரியாத கீற்றுகள் எட்டாவது நிமிடத்தில் நட்சத்திரம்போலத் தெரியும். பிறகு ஒரு துண்டு போட்டோ தாளை ட்ரே மேஜையில் வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து, பத்து நிமிடம் கழித்து டெவலப் செய்யுங்கள். வட்டம் தெரிந்தால் வெளிச்சம் கசிகிறது. என்லார்ஜரில் மிக லேசாக வெளிச்சம் காட்டி, சாம்பல் நிறம் வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்திய தாளில் இதைச் செய்தால் சோதனை இன்னும் கூர்மையாக இருக்கும். ஃபேன் வேகக் கட்டுப்பாட்டில் எரியும் குட்டி விளக்கையும் மறக்காமல் கருப்பு டேப் ஒட்டி மறையுங்கள்.

ஃபிலிமைக் கையாளும் அறை என்றால் இந்த அளவு போதாது, முழு இருட்டு வேண்டும். ஃபிலிமை டாங்கில் ஏற்றும் அந்த ஐந்து நிமிடம் மட்டும் உள்வழியை ஒரு கருப்புத் துணியால் மூடிவிட்டு ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

ஃபேன் போட்டதிலிருந்து பிரிண்ட் தெளிவாக விழவில்லை. சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. ஃபேனின் அதிர்வு சுவர் வழியாக என்லார்ஜருக்கு ஏறுகிறது. படத்தின் நுண்மணிகளை, அதாவது கிரெய்னைப் பெரிதாக்கிக் காட்டும் கிரெய்ன் ஃபோகஸர் வழியாகப் பார்த்துக்கொண்டே ஒருவரை ஃபேனைப் போடச் சொல்லுங்கள். மணல்போல அசையாமல் இருந்த கிரெய்ன் எறும்புக்கூட்டம்போல ஊர ஆரம்பித்தால் காரணம் கிடைத்துவிட்டது. என்லார்ஜர் மேஜையில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து, அதில் விளக்கின் நிழல் நடுங்குகிறதா என்று பார்த்தாலும் தெரியும். என்லார்ஜர் மாட்டிய சுவரில் ஃபேனை மாட்டாதீர்கள். ஃபேனை ரப்பர் பட்டையில் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் ஓரடி வளைகுழாய் கொடுங்கள்.

ஏசி ஓடுகிறதே, போதாதா? ஏர் பியூரிஃபையர்? முகக்கவசம்?

ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளிக்காற்று ஒரு துளி வராது. குளிர்ச்சியாக இருப்பதால் சுத்தமாக இருப்பதுபோலத் தோன்றும், அவ்வளவுதான். ஹெப்பா வடிகட்டி துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. என்95 கவசமும் அப்படியே. அமில வாயுவுக்கென்று உள்ள வடிகட்டிக் குப்பிகள் (கார்ட்ரிட்ஜ்) பொருத்திய கவசம் பிடிக்கும், ஆனால் மூன்று மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு பிரிண்ட் போடுவதைவிடக் குழாய் மாட்டுவது சுலபம்.

வீட்டில் கேஸ் கீசர் இருக்கிறது. பாதிப்பு உண்டா?

உயிர் போகும் விஷயம் இது. நீங்கள் காற்றை வெளியே இழுக்கும்போது வீட்டுக்குள் அழுத்தம் குறைகிறது. கேஸ் கீசரின் புகைக்குழாய் வழியாக வெளியே போக வேண்டிய புகையை உங்கள் ஃபேன் உள்ளே இழுத்துவிடலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், நிறமில்லை, வாசனையில்லை. குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அந்தக் குளியலறை இருட்டறை ஆகக்கூடாது. வீட்டின் வேறு பகுதியில் இருந்தாலும் ஃபேன் ஓடும்போது கீசரை எரிய விடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டுங்கள். குளிர் நாளில் மண்ணெண்ணெய் அடுப்போ கரியடுப்போ இருட்டறைக்குள் வைத்துச் சூடேற்றுவதும் இதே ஆபத்துதான்.

ஜன்னலே இல்லாத அறை. என்ன செய்ய?

முதலில் வழி தேடுங்கள்: பக்கத்து அறையின் ஜன்னல்வரை குழாயைக் கொண்டுபோய், ஜன்னலில் ஒரு பலகையைப் பொருத்தி அதன் வழியாக விடலாம். வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம், சுவரை உடைக்க வேண்டியதில்லை. குளியலறையில் ஏற்கெனவே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் உண்மையிலேயே வெளியேதான் திறக்கிறதா என்று பாருங்கள். சில கட்டடங்களில் பொதுக் குழாயில் சேர்ந்து அடுத்த வீட்டுக்குள் நெடி போகும்.

எந்த வழியும் இல்லை என்றால் அந்த அறையில் திறந்த ட்ரே வேண்டாம். தாளை என்லார்ஜரில் எக்ஸ்போஸ் செய்து, இருட்டிலேயே மூடிய டிரம்முக்குள் போட்டு, வெளியே எடுத்துவந்து திறந்த ஜன்னல் ஓரத்தில் டெவலப் செய்யுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் டிரம்மைக் கழுவித் துடைக்கும் வேலை இருக்கிறது, ஆனால் இருட்டறைக்குள் ரசாயனமே வராது.

ஈரமான இடத்தில் ஃபேன் மாட்டுகிறீர்கள் என்பதால் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் அந்த இணைப்பில் கட்டாயம் இருக்க வேண்டும்.

நெடியையே குறைக்க முடியாதா?

முடியும், முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். அசிட்டிக் அமிலத்துக்குப் பதில் சிட்ரிக் அமிலம், லிட்டருக்கு 15 கிராம் போட்டால் ஸ்டாப் பாத்தில் நெடியே இருக்காது. பூஞ்சை பிடிக்கும் என்பதால் அன்றன்றைக்குக் கொட்டிவிட வேண்டும். நெடி குறைந்த, காரத்தன்மையுள்ள அல்லது நடுநிலையான ஃபிக்ஸர்கள் கிடைக்கின்றன. அவற்றுக்கு முன்னால் அமில ஸ்டாப் பாத்துக்குப் பதில் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். இந்த மாற்றத்தைச் செய்த பிறகு எனக்கு ஃபேனின் வேகத்தைப் பாதியாக வைத்தாலே போதுமானதாக இருக்கிறது.

ட்ரேக்களுக்கு மூடி போடுங்கள். ஒரு பிரிண்டுக்கும் அடுத்த பிரிண்டுக்கும் நடுவில் என்லார்ஜரில் பத்து நிமிடம் செலவாகிறது. அந்தப் பத்து நிமிடமும் ஃபிக்ஸர் திறந்து கிடக்க வேண்டியதில்லை. அடுத்த அளவு பெரிய ட்ரேயைக் கவிழ்த்து வைத்தாலே போதும். கரைசல்களை 20 டிகிரி பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சூடு ஏற ஏற ஆவியும் ஏறும். ஒவ்வொரு ட்ரேயிலிருந்தும் எடுக்கும்போது தாளின் ஒரு மூலையைப் பிடித்துப் பத்து விநாடி வடியவிடுங்கள்.

டோனிங் செய்யலாமா?

டோனிங் என்பது பிரிண்டின் நிறத்தை ரசாயனத்தால் மாற்றுவது. அதில் சல்ஃபைடு செபியா டோனரை வீட்டுக்குள் பயன்படுத்தாதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிலிருந்து வருகிறது. குறைந்த அளவில் நாறும், 100 பி.பி.எம். பக்கம் போனால் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம். அதோடு, பயன்படுத்தாத தாளும் ஃபிலிமும் அந்த வாயுவில் மங்கிப்போகும். டோனிங்குக்கு வெளிச்சம் தடையில்லை என்பதால் திறந்த வெளியில் செய்துவிடலாம். செலினியம் டோனரில் அம்மோனியா நெடி வரும். அதையும் ஜன்னல் ஓரத்தில், கையுறையோடு. எந்த டோனரிலும் அமிலம் கலக்கவிடாதீர்கள். பிளீச்சாகப் பயன்படும் ஃபெர்ரிசயனைடோடு வலுவான அமிலம் சேர்ந்து சூடானால் ஹைட்ரஜன் சயனைடு வரக்கூடும்.

தூளைக் கரைக்கும்போது ஃபேன் ஓட வேண்டுமா?

வேகமாக ஓடினால் தூள் பறக்கும். இருட்டறைக்கு வெளியே, காற்று அடிக்காத இடத்தில், தண்ணீரில் தூளை மெல்லக் கொட்டிக் கரையுங்கள். இந்த ஒரு வேலைக்கு என்95 கவசம் உண்மையிலேயே உதவும். கையுறையும் போடுங்கள். மெட்டால் ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு துளி பட்டாலும் தடிக்கும். அடர் அமிலத்தை நீர்க்க வைக்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல.

ஈரத் தகடு முறைக்கு இதே ஃபேன் போதுமா?

போதாது. கொலோடியனில் ஈதரும் ஆல்கஹாலும் இருக்கின்றன. சாதாரண ஃபேன் மோட்டாரின் ஒரு பொறி போதும், அறை பற்றிக்கொள்ளும். தகட்டில் கொலோடியன் ஊற்றும் வேலையைத் திறந்த வெளியில், நெருப்பும் மின்பொறியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

ஆஸ்துமா இருக்கிறது. கர்ப்பமாக இருக்கிறேன். பிரிண்ட் போடலாமா?

மருத்துவரிடம் கேளுங்கள், கேட்கும்போது பாட்டில்களுடன் வரும் பாதுகாப்புத் தகவல் தாள்களைக் கையில் கொண்டுபோங்கள். "போட்டோ கெமிக்கல்" என்று மட்டும் சொன்னால் அவரால் எதையும் கணிக்க முடியாது. ஆஸ்துமா உள்ளவர்கள் அமில ஃபிக்ஸரை அறவே விடுவது நல்லது. நெஞ்சு இறுகினால் அந்தப் பிரிண்டை ஃபிக்ஸரிலேயே விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

ஃபிலிம் மட்டும்தான் கழுவுகிறேன், பிரிண்ட் போடுவதில்லை. இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். வெளிச்சம் புகாத பையான சேஞ்சிங் பேக்குக்குள் வைத்து ஃபிலிமை டாங்கில் ஏற்றிவிட்டால் மிச்சமெல்லாம் பகல் வெளிச்சத்தில் நடக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். 38 டிகிரியில் செய்யும் சி-41 கலர் வேலையில் மட்டும் ஜன்னலோடு ஒரு ஃபேனும் ஓடட்டும்.

வேலை முடிந்ததும் எவ்வளவு நேரம் கழித்து ஃபேனை நிறுத்துவது?

கரைசல்களைப் புட்டியில் ஊற்றி மூடி, ட்ரேக்களைக் கழுவிக் கவிழ்த்து, மேஜையை ஈரத்துணியால் துடைத்த பிறகு இன்னும் அரை மணி நேரம். சிந்திய ஃபிக்ஸர் காய்ந்தால் வெள்ளைத் தூளாகி அடுத்த நாள் காற்றில் ஏறும், அதனால் துடைப்பதை விடாதீர்கள். அன்று ஃபிலிமையும் காயப்போடுவதாக இருந்தால், அரை மணி நேரம் ஓடி முடிந்து ஃபேனை நிறுத்தி, கிளம்பிய தூசி அடங்க இன்னொரு கால் மணி நேரம் விட்டு, அதன் பிறகு ஃபிலிமைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.